பெரியும்மாவுக்கு ஓர் ஆண்கள் குளிசை

பார்மசியில் எங்கள் முறை வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல், பெரியும்மாவின் குளிசைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்து வாசித்தேன். ‘சலம் அடைபடலாம்’ என்றிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியும்மா, என் உம்மாவின் ராத்தா, குழாய்வழி சிறுநீர் சேரும் பையை அபாயாவுக்குள் மறைத்தபடி பக்கத்துக் கதிரையில் இருந்தார். அடைத்தது இந்தக் குளிசையாகவே இருந்தால்?

இரண்டு கிழமைக்கு முன் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனவள் நான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பெரியும்மாவுக்குச் சிங்களத்தில் மீன் விலை மட்டும்தான் பேச வரும்.

“முக்கினாலும் வருகுதில்ல மகள். சும்மா ஈக்கக்குள்ள சொட்டுது” என்று என் காதுக்குள் சொன்னார். முதல் பாதியை நான் விட்டுவிட்டேன். அடக்க முடியவில்லை, உடுப்பு நனைகிறது என்று படபடவெனச் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். சலப்பையின் துடிப்பைத் தணிக்கும் இந்தக் குளிசை கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு சொட்டும் இல்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். நிரம்பி வழிந்ததைத்தான் நான் அடங்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வார்டிலும் பிரஷர் குளிசையை மட்டுமே காட்டினோம். ஒருமுறை குழாயை எடுத்துப் பார்த்தார்கள். சலம் வராததால் திரும்பவும் போட்டார்கள்.

முறையை விட்டுவிட்டு, பெட்டியோடு ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஓடினேன். இந்த முறை எதையும் விடாமல் சொன்னேன். சொறிக்குப் பெரியும்மா இரவில் போடும் குளிசையையும் காட்டினேன். அங்கிருந்த பெண் டாக்டர் இரண்டுமே சலத்தை அடைக்கும் என்று நிறுத்தினார். சலத்தை வரவைக்கப் பெண்களுக்கென்று நல்ல மருந்து அதிகம் இல்லையாம். அடைக்கும் மருந்துகளை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். பிறகு, சலப்பையின் வாயைத் தளர்த்தும் ஒரு குளிசையைச் சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். பலிக்கும் என்று உறுதி இல்லை. பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம், படுக்கையிலிருந்து மெதுவாக எழும்ப வேண்டும்.

அந்தக் குளிசையை டாக்டர் எழுதித் தந்த துண்டைப் பார்த்த பார்மசிக்காரர், “வாப்பாவுக்கா? இது ஆம்புளயளுக்குக் குடுக்குறதெல்லோ” என்றார்.

“பெரியும்மாவுக்கு.”

“எனக்கா? மீச மொளச்சா ஒண்ட பெரிய வாப்பா என்னயும் பள்ளிக்குத் தொழக் கூட்டிட்டுப் போயிருவாரு” என்றார் பெரியும்மா. பார்மசிக்காரர் சிரித்தார். வாசலில் வந்ததும் பெரியும்மாவின் குரல் மாறியது. “இந்தப் பையோட தொழலாம் எண்டுதான் சொல்றாங்க. ஓம், தொழுறன். ஆனா மனசு அதிலயே நிக்குது மகள். இது கழண்டாப் போதும்.”

வியாழக்கிழமை காலை குழாயை மறுபடி எடுப்பார்கள். எவ்வளவு போகிறது என்று அளக்க, கோடு போட்ட கோப்பை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். போன பிறகு உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். மிஞ்சினால், மெல்லிய குழாயால் தானே சலத்தை எடுத்துவிட அவர் பழக வேண்டும். அவருடைய விரல்கள் நடுங்கும். ஆகவே, நர்ஸிடம் கேட்டு நானும் பழகப் போகிறேன்.