பகலில் விளக்குப் போட்ட கார்

பிறேக் எரிகிற மணம், தலைமயிர் பொசுங்குகிற மணத்துக்குக் கிட்டத்துச் சொந்தம். மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. ஜேர்மனியில், ஓட்டோபான் என்று சொல்கிற அந்தப் பெருந்தெருவில், உறவுக்காரப் பெடியன் ஒருவனின் காரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் எங்கோ ஏதோ முட்டுப்பட்டுவிட்டது. காற்றாய்ப் பறந்த கார்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைக் குத்தி நின்றன. கண்ணாடியை இறக்கினேன். அந்த மணம் உள்ளே வந்தது.

அதுவரை அந்தத் தெருவை நான் ரசித்துக்கொண்டுதான் வந்தேன். பொய் சொல்லக் கூடாது. அங்கே வேகம் என்பது ஓர் அமைதி. மடியில் வைத்த தேத்தண்ணி தளும்பாது, மரங்கள் மட்டும் பின்னால் ஓடும். எங்களுடைய வேகம் அப்படியா? கொழும்புக்குப் போகிற கண்டி றோட்டில் லொறிக்காரன் கொஞ்சம் அழுத்தினால் முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். மாடு குறுக்கே வரும். காட்டுப் பக்கம் என்றால் யானையும் வரும். இந்தியாவில் ஒருமுறை பஸ்ஸில் போனேன். அங்கே றோட்டு என்பது எல்லாரும் ஒரே நேரத்தில் சண்டை பிடிக்கிற இடம். ஜேர்மன்காரன் மட்டும் வேகத்தைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருக்கிறான்.

அப்போது பின்னால் அம்புலன்ஸ் கத்துகிற சத்தம் கேட்டது. ஒரு கோண் சத்தம் இல்லை, ஒரு ஏச்சு இல்லை. இடப்பக்க வரிசை இடது ஓரத்துக்கு ஒதுங்கியது, மற்றவை வலது ஓரத்துக்கு ஒதுங்கின. நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு பாதை விழுந்தது. அம்புலன்ஸ் அதற்குள்ளால் போய் மறைந்தது.

“இது இஞ்சை சட்டம் அண்ணை. லைசென்ஸ் எடுக்கேக்கையே படிப்பிச்சுப் போடுவாங்கள்,” என்றான் பெடியன்.

எனக்கு ஒரு மனிதனின் முகம் நினைவுக்கு வந்தது. பாதி தின்ற பழத்தில் புழுவைக் கண்ட ஆளைப் போலத் துப்ப வேண்டும் போல் இருந்தது.

எழுபதுகளின் பின்பாதி அது. பருத்தித்துறைப் பக்கம் எங்கள் வீடு. தங்கச்சி பள்ளிக்கூடத்தில் ரீச்சர். முப்பது கடந்துவிட்டது. சாதகத்தில் செவ்வாய் என்று, வந்த சம்பந்தங்கள் எல்லாம் படலையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போயின. கடைசியில் ஒன்று பொருந்தியது. மாப்பிள்ளை ஜேர்மனியில். கலியாணத்துக்கென்றே வந்து நின்றார். எழுத்து அடுத்த கிழமை, பதிவுகாரருக்குச் சொல்லியாகிவிட்டது. தாலி கட்டு அதற்குப் பிறகு. கையெழுத்து விழுந்துவிட்டால் அவள் அவருடைய பெண்சாதி, அவரோடு ஜேர்மனிக்குப் போகிறவள். அம்மா மாமரத்தடியில் தனியே நின்றுகூடச் சிரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தால் புட்டுச் சாப்பிடுவார், றோட்டைப் பற்றிக் கதைப்பார். வேறு ஒன்றும் கதைக்க மாட்டார். அந்த நாட்டில் மழை எப்படி, சனம் எப்படி, தனிமை எப்படி என்று தங்கச்சிக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. கேட்டால் பதில் றோட்டில் போய் முடியும்.

“அண்ணை, அங்கை வேகத்துக்குக் கணக்கில்லை. ஏறி மிதிக்க வேண்டியதுதான். பின்னாலை வாறவன் லைற்றை ஒருக்கா அடிச்சானெண்டால் முன்னுக்குப் போறவன் மரியாதையா விலத்துவான். இஞ்சை? மாட்டுக்கு விலத்து, ஆட்டுக்கு விலத்து, வெறிகாரனுக்கு விலத்து!”

“மாடு பின்னை எங்காலை தம்பி போறது? கூரைக்கு மேலாலையோ?” என்றா அம்மா, இன்னும் ஓர் அகப்பை புட்டை வைத்துக்கொண்டு.

கூறைச்சேலை எடுக்க யாழ்ப்பாணம் போவது என்று ஏற்பாடு. பொம்பிளையும் வந்து தானே பார்த்து எடுக்கட்டும், அங்கை எல்லாம் அப்படித்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவும் வர இருந்தவ, கார் மணம் ஒத்துக்கொள்ளாது, சத்தி வரும் என்று நின்றுவிட்டா. அதனால் காரில் நாங்கள் மூன்று பேர். மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் நான். பின்சீற்றில் தங்கச்சி, தலையில் மல்லிகைச் சரம், மடியில் கைப்பை. கார் அவர் ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கிய வெள்ளைப் பிஜோ. புதுச் சீற் உறை போட்டுப் பளபளவென்று நின்றது.

படலையால் வெளிக்கிட்டதும் காரை வலது பக்கம் வெட்டினார். எதிரே வந்த சைக்கிள்காரர் வேலியோடு சாய்ந்து, வாய்க்குள் ஏதோ பேசினார்.

“அங்கை வலப்பக்கம்தானே அண்ணை. கை பழகிப்போச்சு,” என்று சிரித்தார். வந்து ஒரு மாதமாகியும் பழகிய கை மாறவில்லையாம். நானும் கூடச் சிரித்துவைத்தேன். மாப்பிள்ளை அல்லவா.

நெல்லியடிச் சந்தி வர முன்பே சந்தைச் சனம் றோட்டை நிறைத்து நின்றது. வெங்காயக் கட்டோடு பெண்கள், மாட்டு வண்டில்கள், ஒரு பஸ். மாப்பிள்ளை சூள் கொட்டினார். பிறகு கையை நீட்டி முன் விளக்கைப் போட்டார். நல்ல வெயில். பட்டப்பகல்.

எங்கள் குடாநாட்டில் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு கார் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்ளே வருத்தக்காரர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடுகிறார்கள். அம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் ஆள் தப்பாது. வாடகைக் கார் பிடித்து, விளக்கைப் போட்டு, ஜன்னலால் ஒரு வெள்ளைத் துணியை நீட்டிக்கொண்டு போவார்கள். அந்த வெளிச்சத்தைக் கண்டால் வண்டில்காரன் மாட்டை றோட்டோரக் கானுக்குள் இறக்குவான். பஸ் ஓரங்கட்டும். சந்தியில் வேட்டியை மடித்துக்கட்டிச் சண்டை பிடிக்கிறவர்கள்கூடச் சண்டையை நிற்பாட்டி விலத்திவிட்டு, பிறகு விட்ட இடத்தில் தொடங்குவார்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை. இதை எந்தப் பொலிஸும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

சந்தை பிளந்தது. வண்டில்கள் சரிந்து இறங்கின. ஒரு கிழவி வெங்காயக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்து, “முருகா, ஆரின்ரை பிள்ளையோ,” என்றது திறந்த கண்ணாடியால் எனக்கு நன்றாகவே கேட்டது. என் உடம்பு கூசியது. சாமிக்குப் படைத்ததை எச்சில் கையால் அள்ளியது போல.

“பாத்தியளே அண்ணை! இப்ப இது ஓட்டோபான்!” மாப்பிள்ளை ஸ்ரியறிங்கில் தாளம் போட்டார்.

பஸ் ஒதுங்கிய இடம் ஒடுக்கம். ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. பஸ் றைவர் மேலே இருந்து எங்களைப் பார்த்தார். பின்னால் தங்கச்சியின் பவுடர் பூசிய முகம், மல்லிகைச் சரம், முன்னால் மாப்பிள்ளையின் பல் முழுக்கத் தெரியும் சிரிப்பு.

“வருத்தக்காரர் நல்லாத்தான் சிரிக்கிறார்! ஆஸ்பத்திரியிலை மறிச்சுப் படுக்கவைக்கப் போறாங்கள், கவனம்!” என்றார் உரத்து. பஸ்ஸுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை.

சந்தி கடந்ததும் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. “ஏன் லைற் போட்டிருக்கிறியள்?”

“சும்மாதான். சனம் விலத்துமெல்லே.”

“அது வருத்தக்காரரைக் கொண்டு போறவை போடுறது.”

“எனக்குத் தெரியாதே? நான் என்ன வெள்ளைக்காரனே?”

“தெரிஞ்சுகொண்டு சனத்தைப் பேய்க்காட்டுறியள்.”

“பேய்க்காட்டி அவையின்ரை என்னத்தை எடுத்தனான்? மாட்டை எடுத்தனானே, வெங்காயத்தை எடுத்தனானே?” என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரியாமல் செய்திருந்தால் வேறு. இந்த ஆள் தெரிந்து செய்தார். சனம் தங்களுக்குள் பொத்தி வைத்திருந்த ஒரு நல்ல குணத்தை ஒரு சுவிச் என்று கண்டுபிடித்திருந்தார்.

வல்லை வெளி வந்தது. அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் வானம் தரையில் குந்துகிற இடம் அது ஒன்றுதான். மரமில்லை, வீடில்லை. இரண்டு பக்கமும் உப்புச் சேறும் கடல்நீரும், நடுவில் ஒரு ஒடுங்கிய நேர் றோட்டு. காற்று காரைத் தூக்கிப் பார்க்கும். மாப்பிள்ளை அழுத்தினார். பிஜோ உறுமியது. தாரின் ஓரங்கள் கறையான் தின்ற பலகை போல உதிர்ந்துகிடக்க, சில்லு அதில் ஏறி இறங்கும் போதெல்லாம் என் பல் கடிபட்டது. அவரோ அங்கே இந்த வேகத்தில் போனால் கிழவிகள் முந்திப் போவார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

பின்னால் ஒரு வெளிச்சம். பழைய ஒஸ்ரின் கார் ஒன்று, விளக்குப் போட்டபடி, தன் வயதுக்கு மீறி ஓடி வந்தது.

“ஓகோ! எனக்கே லைற் அடிக்கிறார்!”

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். “வெள்ளைத் துணி தெரியுது. விலத்துங்கோ.”

“நெல்லியடியிலை நாங்கள் லைற் போட்டுக்கொண்டு வந்ததைக் கண்டிருப்பான். பாத்துப் பழகியிட்டான் போலை.”

“தம்பி, விலத்து,” என்றேன்.

“அண்ணை, சும்மா இருங்கோ. உந்த ஒஸ்ரின் இந்தப் பிஜோவை முந்திறதோ?”

அவரால் நம்ப முடியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. தான் பொய்யாகப் போட்ட விளக்கை இன்னொருவன் உண்மையாகப் போடுவான் என்று நம்புகிற இடம் அவருக்குள் அவிந்து போயிருந்தது. காரை நடு றோட்டுக்கு எடுத்தார். ஒஸ்ரின் வலது பக்கம் எட்டினால் வலது பக்கம் சாய்த்தார், இடது பக்கம் வந்தால் இடது பக்கம் சாய்த்தார். கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கிட்ட வரவிட்டு, பிறகு அழுத்தினார். பூனை எலியோடு விளையாடும், ஆனால் பூனைக்குப் பசி என்று ஒரு நியாயம் இருக்கிறது.

அப்படி எவ்வளவு தூரம் போயிருக்கும், தெரியாது. ஒஸ்ரினின் முகத்திலிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பியது. கொதித்துவிட்டது. தள்ளாடித் தள்ளாடி நின்றது.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள் தங்கச்சி. அவள் கதவைத் திறந்துவிட்டாள். கார் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பிறேக்கில் ஏறி நின்றார். கார் கிறீச்சிட்டு, ஒருக்களித்து நின்றது. அப்போதுதான் அந்த மணம் வந்தது.

நாங்கள் திரும்பி ஓடினோம். மாப்பிள்ளை காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு மெல்ல வந்தார். ஒஸ்ரின் றைவர் பொனெற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, ஊற்றத் தண்ணீர் இல்லாமல் நின்றார். பின்சீற்றில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண், மடியில் வலிப்பு வந்த ஒரு சின்னப் பெண்பிள்ளை. கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை. புருஷன் அரை உடம்பை ஜன்னலுக்கு வெளியே போட்டபடி, ஒரு வெள்ளைச் சாரத் துணியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். இனி யாருக்கும் காட்டத் தேவையில்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

அந்தப் பிள்ளை தப்பியது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அதை ஒளித்துவைத்துக் கதை வளர்க்க எனக்கு மனமில்லை.

“பகலிலை லைற் போட்டுக்கொண்டுதான் ஐயா வந்தனாங்கள்,” என்றான் அவன் என்னைப் பார்த்து. “துணியும் பிடிச்சனான். உங்களுக்குத் தெரியேல்லையோ?”

கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அவன் உண்மையாகவே கேட்டான். தான் துணியைப் பிடித்த விதத்தில் ஏதும் பிழையோ என்று கேட்பது போலக் கேட்டான்.

தங்கச்சி அதற்குள் ஒஸ்ரினின் கதவைத் திறந்துவிட்டாள். தாயையும் பிள்ளையையும் கைத்தாங்கலாய் இறக்கி, பிஜோவின் பின்கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை இறங்கி வந்து அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார்.

“இரவல் கார் இது. புதுச் சீற். சத்தி கித்தி எடுத்தால் ஆர் கழுவுறது? கொஞ்சம் பொறுங்கோ, பின்னாலை வேறை கார் வரும்.”

காற்று அவருடைய சென்ற் மணத்தைக் கொண்டுவந்து என் முகத்தில் அப்பியது. உப்புச் சேற்றின் நாற்றம் எவ்வளவோ மேல்.

“அங்காலை நில்லுங்கோ,” என்று அவரைச் சுற்றிக்கொண்டு போனாள் தங்கச்சி. தாயைத் தான் இருந்த இடத்தில் இருத்தினாள். தகப்பனை மற்றப் பக்கத்தால் ஏற்றினாள். பிள்ளையின் தலையைச் சரித்துப் பிடிக்கச் சொல்லிக் காட்டினாள். சீற்றில் கிடந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

“நீ ஏறேல்லையோ?” என்றேன்.

“நான் பஸ்ஸிலை வீட்டை போறன். இந்த ஐயாவும் நிக்கிறார்தானே.” ஒஸ்ரின் றைவரைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அண்ணை, நீங்கள் கட்டாயம் கூடப் போங்கோ. இவர் இடையிலை இறக்கிவிட்டாலும் விடுவார்.”

நான் முன்சீற்றில் ஏறினேன். மாப்பிள்ளை தன் இடத்தில் வந்து இருந்து, சாவியைத் திருகாமல் ஜன்னலால் தலையை நீட்டினார். முகம் கறுத்திருந்தது.

“அப்ப கூறை? நீர் வராமல் நான் என்னெண்டு எடுக்கிறது?”

காற்றுக்குச் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் ஜன்னலுக்குக் கிட்ட வந்தாள்.

“எடுக்க வேண்டாம். பதிவுகாரரையும் வரவேண்டாமெண்டு நானே சொல்லிவிடுறன். பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, போங்கோ.”