பச்சை விளக்கு

என் குட்டி விமானத்தின் ரிமோட்டுக்கு எந்த ரீசார்ஜ் பேட்டரி நல்லது என்று சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, நாள் முழுக்கத் தாங்கும் ஒன்றை வாங்கினேன். அதற்கு நிறைய சார்ஜ் போட்டு, மனைவியோடு கொல்லிமலைக்கு பஸ் ஏறினேன்.

செம்மேட்டில் விமானம் ஜோராக எழும்பியது. திடீரென்று, நான் திருப்பத் திருப்ப, அது பாட்டுக்கு நேராகப் போய் மரவள்ளித் தோட்டத்தில் விழுந்து இறக்கை உடைந்தது. கையில் ரிமோட்டின் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, ஏரோப்ளேனுக்குள்ள இருக்கிற பேட்டரிக்கும் சார்ஜ் போடுங்கன்னு ராத்திரியே சொன்னனுங்களே," என்றாள் மனைவி.

சொன்னது என் காதில் விழவே இல்லை.

அன்றிலிருந்து எதைச் சொல்வதானாலும், முதலில் என் காதைக் காட்டி, "சார்ஜ் இருக்குதுங்களா?" என்கிறாள். இருக்கிறது என்கிறேன். பாதி நாள் பொய்தான்.