நாறாத வச்சிரம்

பனமரத்துப்பட்டிச் சின்னண்ணன் வச்சிரம் காய்ச்சினால் அரை ஊர் மூக்கைப் பிடிக்கும். மீதி ஊர், காற்று திரும்புவதற்குள் கதவைச் சாத்தும். தச்சர்கள் பலகை ஒட்டும் அந்தப் பசையை, தோல் கிடங்கில் கழித்துப்போட்ட சவ்விலிருந்து எடுத்தான்.

1931 வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். ஆடிக்கு நாமகிரிப்பேட்டைத் தாய்வீடு போன சென்னியம்மாள் ஆவணி பிறந்தும் திரும்பவில்லை. அழைக்கப் போனவனிடம் சொன்னாள்: "அந்த வாடை போகட்டுங்க, வாரேன்."

சின்னண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது. சவ்வைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்பு முழுக்கப் போகும்வரை அலசினான். கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டிலேயே காய்ச்சினான். கொழுப்பை வழித்தெறிந்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, கையில் அகப்பட்ட வேட்டியில் வடிகட்டினான். ஆறியதும் நுங்கு போல உறைந்தது. வில்லை போட்டு வலைமேல் உலர்த்தினான். கண்ணாடித் தகடு மாதிரி ஆனது. வாடை துளியும் இல்லை.

அதே வேட்டியில் மூட்டை கட்டி, பெருமையாகத் தூக்கிக்கொண்டு சேலத்து வீரபாகு ஆசாரியிடம் போனான். ஆசாரி ஒன்றை எடுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"ஏப்பா, கற்கண்டு யாவாரம் எப்ப ஆரம்பிச்சே?"

"வச்சிரமுங்க ஆசாரியாரே."

"நாறாத வச்சிரம் ஒட்டுமா?"

"ஒட்டித்தான் பாருங்களேன்."

"ஒட்டின கட்டில் உடைஞ்சு மாப்பிள்ளை கீழ விழுந்தா, உன்னையா கேப்பாங்க? எடுத்துட்டுப் போ சாமி!"

நாறினால் பெண்டாட்டி வரமாட்டாள். நாறாவிட்டால் சரக்கு போகாது. சின்னண்ணன் அதே மூட்டையோடு நாமகிரிப்பேட்டைக்கு நடந்தான்.

சென்னியம்மாள் வில்லையை முகர்ந்தாள். அவனையும் முகர்ந்தாள். "வாடையே இல்லீங்க!" என்றவள் மூட்டைத் துணியைப் பார்த்ததும் நின்றாள். "ஏனுங்க, இது நம்ம கல்யாண வேட்டியில்ல?"

"வடிகட்ட நல்லா இருந்துச்சு," என்றான் அவன் தரையைப் பார்த்து.

அவள் சிரித்துவிட்டாள். ஆசாரி சொன்னதைக் கேட்டு இன்னும் சிரித்தாள்.

"பழைய சரக்கு மிச்சம் ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"ஒரே ஒரு துண்டு இருக்குது."

"அதை மூட்டைக்கு மேல கட்டிக்கிட்டுப் போங்க. அது ஆசாரி மூக்குக்கு. உள்ள இருக்கறது கட்டிலுக்கு."

அடுத்த சந்தையன்று வீரபாகு தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். "இப்பத்தான்பா வழிக்கு வந்தே!" என்று மூட்டையை அப்படியே வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். மேலே கட்டியிருந்த பழைய துண்டை மட்டும் சின்னண்ணன் பதமாக அவிழ்த்து எடுத்துக்கொண்டான்.

ஆவணி முடிவதற்குள் சென்னியம்மாள் வந்து சேர்ந்தாள். அந்தத் துண்டு மட்டும் வீட்டுக்குள் நுழையாமல் வேலிக்கு வெளியே வேப்பமரத்தில் தொங்கியது. பிற்பாடு எத்தனையோ மூட்டைகளை விற்றுக் கொடுத்த அதை, சின்னண்ணன் கடைசிவரை யாருக்கும் விற்கவில்லை.