ஏஞ்சலா கேட்ட படம்

ஏஞ்சலாவுக்கு ஐம்பத்தேழு வயது. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில், மூக்குக்கண்ணாடி வில்லைகளை வெட்டி மினுக்கும் தொழிற்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதகராக இருக்கிறாள். வெட்டி வரும் வில்லையை விளக்குக்கு நேரே பிடித்து, கீறல் இருக்கிறதா, அளவு சரியா என்று பார்த்துத் தட்டில் வைப்பதுதான் வேலை. "நான் பாத்தனான்" என்று அவள் சொன்னால் மேற்பார்வையாளர் இன்னொருமுறை பார்ப்பதில்லை. வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பி அவள் ஒரு வில்லையையும் விட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். அடுப்பை நிற்பாட்டிவிட்டேன் என்று மகள் சொன்னாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவாள். கணவர் இக்னேசியஸ் பிறம்ரன் நகரிலிருந்து லொறி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் அவரை வீட்டில் காண முடியாது. அதனால் எல்லாவற்றையும் தானே பார்த்து முடிவெடுப்பது அவளுக்குப் பழகிப்போனது.

அவளுடைய ஒரே தம்பி மாக்கஸ், யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியே வந்தவனைப் பிடித்து, புனர்வாழ்வு என்று பெயர் வைத்து, இரண்டு வருடம் முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. ஆகவே விடுதலையும் முழுதாக இல்லை. குற்றமே சாட்டப்படாத ஒருவன் எதிலிருந்து விடுபடுவான்? விசாரணைக்காரர் மாறும்போதெல்லாம் புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்து, பெயர், தொழில், வெளிநாட்டில் யார் யார் என்று எழுதிக்கொண்டு போவார். வாகனமே வராத சந்தியிலும் மாக்கஸ் ஆட்டோவை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுப்பான். வயது நாற்பத்தாறு. பதினைந்து வருடப் பயம் அதில் அடக்கம்.

2024 செப்ரெம்பரில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பு, யூனியன்வில்லில் அமிர்தநாதரின் வீட்டு பேஸ்மென்றில் சொந்தக்காரர் இருபது பேர் கூடினார்கள். அமிர்தநாதர் ஏஞ்சலாவின் பெரியப்பா மகன். வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவர். குடும்பத்துக்கு அவர்தான் தலை. அந்த இருபது பேரில் ஒருவருக்கும் இலங்கையில் வாக்கு இல்லை. ஆனால் ஊரில் யார் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கப் போகிறார்கள்.

"எங்கட சனம் ஆர் போன் எடுத்தாலும் ஓம் எண்டுதான் சொல்லும்," என்றார் அமிர்தநாதர். "நான் எடுத்தாலும் ஓம். லண்டன்காரன் எடுத்தாலும் ஓம். பிறகு றிசல்ற் வந்தால்தான் தெரியும், என்ன செய்தவை எண்டு."

"போன தேர்தலில அந்தோனியார் மேல சத்தியம் வாங்கினனாங்களெல்லோ?" என்றார் மூலையில் இருந்த ஒருவர்.

"வாங்கி? அந்தோனியார் வந்து எண்ணினவரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சாட்சிக்குப் புனிதர் உதவவில்லை என்று கண்டவர்கள், ஒருவரிடம் சாட்சி கேட்பதே தவறு என்ற இடத்துக்கு மட்டும் வரவில்லை.

தமிழருக்கென்று நிற்கும் பொது வேட்பாளருக்கே போட வேண்டும் என்றது ஒரு பக்கம். சிங்களத் தெற்கில் மாற்றம் என்று சொல்லிக்கொண்டு நிற்பவருக்குப் போட்டால்தான் நாளாந்தச் சீவியமாவது சீர்ப்படும் என்றது இன்னொரு பக்கம். இரண்டு பேர், ஒருத்தருக்கும் போடக் கூடாது, பகிஷ்கரிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் இரண்டாவது பிளேன்ரீ குடித்ததும் எழும்பிப் போய்விட்டார்கள்.

ஏஞ்சலா முதலில் மாற்றத்தின் பக்கம் நின்றாள். "களவெடுக்க மாட்டன் எண்டாவது அந்தாள் சொல்லுது, அண்ணை. மற்றவை அதையும் சொல்லேல்லை."

"பிள்ளை," என்றார் அமிர்தநாதர், "உன்ர தம்பியை ரெண்டு வருசம் உள்ளுக்கு வைச்சிருக்கேக்க தெற்கில ஒருத்தராவது வாய் திறந்தவையோ? நீயே இப்பிடிக் கதைச்சால்?"

ஏஞ்சலாவின் முகம் சிவந்துபோயிற்று. அந்த இரண்டு வருடமும் அவள் செய்ததெல்லாம் ரொறன்ரோவிலிருந்து செஞ்சிலுவைக்கும் ஆயருக்கும் கடிதம் எழுதியதுதான். அந்தக் குற்ற உணர்வு எங்கே இருக்கிறது என்று அமிர்தநாதருக்குத் தெரியும். அன்று மாலை அவள் பொது வேட்பாளர்தான் என்று முடிவெடுத்தாள். தம்பிக்காக எடுத்த முடிவு. தம்பியை மட்டும் கேட்கவில்லை.

"முடிவெடுத்தால் காணாது," என்றார் அமிர்தநாதர். "வாக்குச் சீட்டில புள்ளடி போட்டவுடன போனில ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. ஒரு செக்கன் வேலை."

மிச்சமிருந்தவர்களில் ஒருவருக்கும் இது அபத்தமாகப் படவில்லை. ஏஞ்சலாவுக்கோ மிகவும் சரியாகப் பட்டது. கண்ணால் காணாததை அவள் எப்போது நம்பினாள்?

வாக்களிப்புக்கு முந்திய வியாழக்கிழமை இரவு மாக்கஸுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினாள். "தம்பி, ஆருக்கெண்டு உனக்குத் தெரியுந்தானே. போட்ட உடன சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. மறந்துபோகாதை." அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "ஓம் அக்கா."

வாக்களிப்பு நிலையத்தில் மட்டையால் மறைத்த ஒரு சின்ன மேசை இருக்கும். மாக்கஸைப் போன்ற ஒருவனுக்கு இந்த உலகத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடம் அது ஒன்றுதான். விசாரணைக்காரன் அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. பாதிரியார் முடியாது. முதலாளி முடியாது. அந்த ஒரு முழ இடத்துக்காக உலகம் முழுவதும் மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள். அதற்குள் நாங்கள், வெளிநாட்டிலிருந்து ஊரை நேசிக்கிறோம் என்று சொல்கிற நாங்கள், ஒரு கமராவைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தோம்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஏஞ்சலா வேலைக்குப் புறப்பட்டபோது அங்கே மாலை நாலு மணி, வாக்களிப்பு முடிந்துவிட்டது. படம் வரவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் மை பூசிய விரல்களின் படங்கள் நாலைந்து வந்திருந்தன. அமிர்தநாதர் கேட்டு எழுதியிருந்தார்: "ஏஞ்சலா, மாக்கஸின்ர எங்கை?" அவள் எரிச்சலோடு போனை லொக்கருக்குள் வைத்துப் பூட்டினாள். 

ஒன்பதரை இடைவேளையில் எடுத்துப் பார்த்தாள். இல்லை. அழைத்தாள். மாக்கஸின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. அவனுடைய மனைவி பேபிக்கு அடித்தாள்.

"மச்சாள், காலமை எட்டுக்குப் போனவர். இன்னும் வரேல்லை," என்றாள் பேபி. மூச்சு வாங்கியது. "ஆட்டோவும் இல்லை. வோட்டுப் போடேக்க போன் என்னத்துக்கு, வீட்டில வைச்சிட்டுப் போங்கோ எண்டனான். அக்கா படம் கேட்டவ எண்டு கொண்டுபோனவர்."

"வேற எங்கையும் ஆக்களை ஏத்திக்கொண்டு ஹயருக்குப் போயிருப்பான்."

"மச்சாள், வோட்டுப் போடுற பள்ளிக்கூடத்தில ஆரோ சீட்டைப் படமெடுத்துப் பிடிபட்டதாம். பொலிஸ் ஜீப்பில ஏத்தினதாம். முன்வீட்டு அன்ரி சொல்லுறா."

"ஆராம்?"

"தெரியாதாம். நீலச் சேட்டுப் போட்டவராம்." பேபி அழத் தொடங்கினாள். "இவரும் நீலச் சேட்டுத்தான்."

ஏஞ்சலா மேசைக்குத் திரும்பினாள். வில்லைகளை எடுத்தாள், பிடித்தாள், வைத்தாள். என்ன பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாலாவது தட்டை எடுத்தபோது ஒரு வில்லை நழுவி நிலத்தில் விழுந்தது. வீட்டில் ஒரு அவசரம் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள்.

காருக்குள் இருந்து மகளை அழைத்தாள். நிலாணி ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நடந்ததைக் கேட்டதும் அவளுடைய குரல் மாறிவிட்டது.

"அம்மா, தற்ஸ் இல்லீகல். இங்கயும் இல்லீகல், அங்கயும் இல்லீகல். வை வுட் யூ ஆஸ்க் ஹிம்?"

"எல்லாரும் கேட்டவை..."

"அவை கேட்ட எல்லாரும் ஜெயில்ல இருந்தவையா? மாமாக்கு பொலிஸ் ரெக்கோட் இருக்கு!"

"ரெக்கோட் இல்லையடி. அது புனர்வாழ்வு."

"அம்மா. அங்க அதுதான் ரெக்கோட்."

ஏஞ்சலா அழைப்பைத் துண்டிக்காமலே தன் குரல்பதிவைத் தேடி, "எல்லாருக்கும் அழி" என்பதை அழுத்தினாள். "அழிச்சிட்டன்," என்றாள்.

"மாமான்ர போன் ஓஃப்தானே? திரும்ப ஓன் ஆகும் வரைக்கும் அதில உங்கட வொய்ஸ் இருக்கும்."

வெளிநாட்டிலிருந்து வந்த கட்டளை. சொன்னவளின் குரல். கேட்டவன் முன்னாள் கைதி. ஒரு கோப்புக்கு வேறென்ன வேண்டும்? யாரோ ஒருவர் மேசையில் அந்தப் போனை வைத்து, "ஆருக்கெண்டு உனக்குத் தெரியுந்தானே" என்ற தன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது அவளுக்குத் தெரிந்தது. மொழிபெயர்ப்பவன் அதை எப்படி எழுதுவான்? பன்னிரண்டு மணிக்கு, காரில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ் வானொலி சொன்னது: இலங்கை முழுவதும் இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு. அங்கே அதற்கு இன்னும் அரை மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு பேபியால் பொலிசுக்குப் போய்க் கேட்கவும் முடியாது.

கடைசியாக அமிர்தநாதருக்கு அடித்தாள். "அண்ணை, யாழ்ப்பாணத்தில உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு லோயர் இருக்கிறாரெல்லோ. மாக்கஸைக் காணேல்லை. படம் எடுக்கேக்க பிடிச்சிட்டாங்களோ தெரியேல்லை."

அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"பிள்ளை, உந்தக் கதையைக் குறூப்பில போட்டிடாதை," என்றார்.

"போடேல்லை. லோயற்ற நம்பர்..."

"என்ர பெயரைச் சொல்லி எடுக்காதை. நான் டிசம்பரில போறதுக்கு ரிக்கெற் எடுத்திட்டன். எயாப்போட்டில பெயரைப் பாத்து மறிச்சாங்களெண்டால்?"

"படம் எடுக்கச் சொன்னது நீங்கள்தானே, அண்ணை!"

"நான் பொதுவாச் சொன்னனான். மாக்கஸிட்டக் கேளெண்டு சொன்னனானோ? அவன்ர நிலைமை உனக்குத் தெரியாதோ?"

நம்பரைத் தராமலே வைத்துவிட்டார். எட்டாயிரம் மைல் தூரத்திலிருந்து வீரம் கற்பித்தவருக்கு, பயந்துபோக ஒரு விமான நிலையத்துக் கணினி போதுமாக இருந்தது. இதை வெறும் கோழைத்தனம் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. தன் பயத்துக்கு ரிக்கெற் திகதி பார்த்து மதிப்புக் கொடுக்கிற மனிதர், அடுத்தவனுடைய பயத்தை எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. அது அநியாயம். ஆனாலும் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையில் பிழையில்லை. அவனுடைய நிலைமை ஏஞ்சலாவுக்குத் தெரியும். மற்றப் பத்தொன்பது பேரையும்விட நன்றாகத் தெரியும்.

அவள் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். பன்னிரண்டரை ஆனது, அங்கே ஊரடங்கு தொடங்கியிருக்கும். இரண்டு முறை பேபிக்கு அடித்தாள். இரண்டு முறையும் மணி போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் யாரும் இல்லையா? பொலிஸார் வந்துவிட்டார்களா?

ஒன்று பத்துக்குப் பேபியின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மாக்கஸ்.

"அக்கா." கிசுகிசுத்தான். "வீட்டைதான் நிக்கிறன். லைற்றெல்லாம் நூத்திட்டு இருட்டுக்குள்ள இருக்கிறம், அதுதான் பேபி போனும் எடுக்கேல்லை."

அவள் வானொலியை நிறுத்தினாள்.

"லைனில நிண்டனான். எனக்கு முன்னுக்கு நாலு பேர். உள்ளுக்கிருந்து ஒரு பெடியனைப் பிடிச்சுக்கொண்டு வந்தாங்கள், போனோட. என்ர பொக்கற்றில போன் இருக்கு, உங்கட மெசேஜும் இருக்கு. மெல்ல லைனால விலத்தி வந்திட்டன். போனை நிப்பாட்டினன். வீட்டை வந்தால் தேடி வருவாங்களோ எண்டு கடற்கரையில ஒரு மீன்வாடிக்குள்ள ஒளிச்சிருந்தனான். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னந்தான் பின் ஒழுங்கையால வந்தன்."

"அப்ப நீ..."

"போடேல்லை அக்கா. விரலில மை இல்லை. இனி அதையும் ஆரும் பாத்து, ஏன் போடேல்லை, பகிஷ்கரிப்போ எண்டு கேட்டால் என்ன சொல்லுறதெண்டு யோசிக்கிறன். காய்ச்சலெண்டு சொல்லலாமோ?"

வாக்களித்தால் ஒரு பயம், வாக்களிக்காவிட்டால் வேறொரு பயம். பதினைந்து வருடத்தில் அவனுக்கென்று நாடு கொடுத்தது வாக்குச் சீட்டு என்கிற ஒரு கடதாசித் துண்டு. அதைத் தொடாமலே திரும்பியிருந்தான்.

"அக்கா," என்றான் மாக்கஸ் திடீரென்று, அவசரமாக. "நீங்கள் கோவமோ? அமிர்தண்ணை கேப்பாரெல்லோ. வேணுமெண்டால் பேபியின்ர தங்கச்சி ஆரிட்டயாவது சீட்டுப் படம் ஒண்டு வாங்கலாமெண்டு சொன்னவ. ஆற்றை சீட்டெண்டு தெரியாது. அதை அனுப்பட்டோ?"

ஆறு வருடத்துக்கு முன்பு அவள் ஊருக்குப் போயிருந்தபோது, விசாரணைக்காரர் ஒருவர் முற்றத்தில் வந்து நின்றார். மாக்கஸ் கதிரை கொண்டுவந்து போட்டு, கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்னான். குரல் ஒரு படி உயர்ந்து, வேகமாக, சிரிப்புக் கலந்து. இப்போது அதே குரல் அவளுடைய காதுக்குள் பேசியது. அவன் அவளுக்குப் பயந்துகொண்டிருந்தான்.

"ஒண்டும் அனுப்பாதை," என்றாள். "ஒரு படமும் வேண்டாம். இனி நான் ஒண்டும் கேக்க மாட்டன், தம்பி."

"ஓம் அக்கா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அவனை உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது. "கோவிக்க மாட்டன், சொல்லு. நீ ஆருக்குப் போட நினைச்சுக்கொண்டு போனனீ?"

தூரத்தில் நாய் ஒன்று குரைத்தது. பேபி ஏதோ முணுமுணுத்தாள்.

"நீங்கள் சொன்ன ஆளுக்குத்தான், அக்கா," என்றான், அதே வேகமான, சிரிப்புக் கலந்த குரலில்.