பஸ்ஸில் தெரிந்த கசிவு

மருத்துவமனையில் நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுவது என் வேலை. இரைப்பை இரத்தக்குழாய்க் கோளாறுக்கு இரண்டு எண்கள்: கசிவு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று.

பின்னேர பஸ்ஸில் அரைத்தூக்கம். வயல் வாய்க்கால்கள் வெயிலில் இரத்தக்குழாய்களாய்க் கிளைத்து மிதந்தன.

பக்கத்தில் கொக்கிளாய் ஊர் அக்கா ஒருவர். எங்கள் மருத்துவமனையில் இன்றுதான் துண்டு வெட்டி, வார்டிலிருந்து வீட்டுக்கு விட்டார்களாம்.

"வயித்துக்கை ரத்தக்குழாய் பிழையாம், பிள்ளை. வெளிக்குக் கறுப்பாய்ப் போகுதோ எண்டு டொக்டர் கேட்டவர். இல்லையெண்டிட்டன்."

"உண்மையாவே போகேல்லையோ?"

"போகுதுதான். மகன்ரை வயசுப் பெடியனிட்டை அதைச் சொல்லேலுமே?"

தூக்கம் பறந்தது. கறுப்பாய்ப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது. அவருடைய கோப்பில் 'கசிவில்லை' எண்ணைக் காலையில் போட்டவள் நான்.

"நீங்கள் சொல்லவேண்டாம் அக்கா, நான் சொல்லுறன். வாங்கோ."

ஒட்டுசுட்டானில் இறங்கி மருத்துவமனைக்குத் திரும்பினோம். அவர் இப்போது வார்டில்.

இதை வாசிக்கும் நீங்கள் டொக்டருக்கு ஒளித்ததைப் பஸ்ஸில் யாருக்குச் சொன்னீர்கள்? அவர் முழித்திருந்தாரா?