ஸ்டெல்லா அக்காவின் ஹார்ப்

ஐம்பது வயதில் ஹார்ப் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். முதல் வகுப்பிலேயே விரல் நுனியில் கொப்புளம். அந்த எரிச்சலில் எங்கள் ராயபுரத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு வாசிக்கச் சொல்லி, கோயிலில் ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு சின்ன ஹார்ப்பைக் கொடுத்திருந்தார்கள். மீன் வாசமடிக்கும் ஒற்றை அறையில் அவள் தினமும் தட்டுத்தடுமாறிப் பழகுவாள். கொப்புளம் வந்த விரல்களை அம்மா உப்புத் தண்ணீரில் முக்கி ஊதிவிடுவாள். எனக்கு ஒரே பொறாமை. ஒருநாள் யாருமில்லாதபோது முறுக்காணியைத் திருகினேன். கம்பி பட்டென்று அறுந்தது.

"கோயில் பொருள ஒடச்சி வச்சிகினு நிக்கிறியே!" என்று அம்மா அக்காவை அடித்தாள். நான் வாயே திறக்கவில்லை. ஹார்ப் கோயிலுக்கே திரும்பிப் போனது. அக்கா அப்புறம் அதைத் தொடவே இல்லை.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். "அக்கா, அந்தக் கம்பிய அறுத்தது நான்தான்."

"தெரியும்டி. நீயே வந்து சொல்லுவேன்னு ரொம்ப நாள் காத்துகினு இருந்தேன்."