கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய பிளாஸ்டிக் கோயில்

எண்பத்தொன்பது ஜனவரி. சேலத்தில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. ஏரியும் படகும் எனக்கு வேண்டாம். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிய மாதா கோயில் ஒன்று ஏற்காட்டில் இருப்பதாக ஆபீசில் சொன்னார்கள். அதற்காகவே போனேன்.

எட்டரைக்குப் பங்குக் கோயிலில் இருந்தேன். கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துவிட்டார்கள். பீடத்தின் பக்கத்தில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது நின்றது. முழங்கால் உயரம், வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, இரண்டு கோபுரம். வாசலுக்கு மேலே மாதா. நீலக் கட்டைகளை முன்னும் பின்னுமாக அடுக்கிச் சேலை மடிப்பைக் கூடக் கொண்டுவந்திருந்தது, கட்டியவரின் கை. அசந்துபோனேன்.

கட்டியவர் ஆரோக்கியம், பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்தில் எஸ்டேட் ஜீப் டிரைவர். முதலாளியின் பேரப்பிள்ளைகள் விளையாடி அலுத்த கட்டைகளைக் கேட்டு வாங்கி, ஜீப் ஷெட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார். அன்று அவரும் அங்கே இருந்தார், கோயில் கமிட்டித் தலைவரிடம் கெஞ்சிக்கொண்டு.

"ஏனுங்க, என்ற சம்சாரத்துக்குத்தானுங்க கட்டுனேன். இடுப்பு ஒடிஞ்சு படுத்தவ கோயிலப் பாக்கோணும்னு அழுகறா. குடில் பிரிக்கற வரைக்கும்னுதானே கேட்டு வாங்குனீங்க?"

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாச்சு ஆரோக்கியம். இனி அது கோயில் சொத்து. ஊட்டுல கட்டிலுக்கடியில வெக்கறதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். "மந்திரிச்ச ஜெபமாலைய ஜோப்புல போட்டுக்கிட்டுத்தானுங்களே பேசறீங்க? மொத வெள்ளிக்கெழமை ஃபாதர் அந்தம்மாவுக்கு நன்மை அப்பம் கொண்டு போறாரா, இல்லீங்களா? ஆண்டவரே அந்தக் கட்டிலுக்குப் போறாரு. இந்தப் பிளாஸ்டிக்கு போகக் கூடாதா?"

"அது வேறங்க" என்றார்.

என்ன வேறு? டவுனிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனசில்லை. பழியைத் தீர்த்தத்தின் மேல் போடுகிறார்.

ஆரோக்கியம் என்னை ஜீப்பில் கொட்டச்சேட்டுக்கு அழைத்துப் போனார். பார்த்ததை வீட்டில் வந்து சொல்லச் சொன்னார். அவர் மனைவி ரோசலி கட்டிலில் இருந்தபடியே கேட்டார்:

"பாத்தீங்களா? எப்படீங்க இருக்குது?"

தெரிந்தவரை சொன்னேன்.

"கூரையத் தூக்கிப் பாத்தீங்களா?"

"தூக்கலாமுங்களா?"

"கட்டிலோரமாத் தரையில வெச்சா, படுத்த வாக்குலயே நான் உள்ள பாக்கோணும்னு அப்படிச் செஞ்சிருக்கறாருங்க. உள்ள நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கறமாம். நெசக் கோயில்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். அதுல மட்டும் என்னையப் பக்கத்துல வெச்சிருக்கறாராம்." ரொம்ப வெட்கத்தோடு சிரித்தார்.

ஆரோக்கியம் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாலு மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். அந்தப் பெட்டியை உடைத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கமிட்டித் தலைவருக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. ஊர்ப்பட்ட ஜனம் வந்து பார்த்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ரோசலி மட்டும் இன்னும் பார்க்கவில்லை.